நாற்காலியா, நடையா, கைப்பிடியா? சிறுநீரக நோயாளியின் உடல்திறனை எதைக் கொண்டு அளப்பது

நோயாளிகளின் உடல்திறனையும் இனிமேல் அளந்து எழுதி வைப்போம் என்று ஒரு டயாலிசிஸ் பிரிவில் முடிவானால், மறுநாளே எந்தச் சோதனை என்ற வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதிகம் வருவது ஆறு நிமிட நடை என்பதால் மருத்துவருக்கு அதுதான் வேண்டும். உணவியல் நிபுணர் கைப்பிடி வலுவை, அதாவது கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதைக் கேட்பார். கட்டிலை விட்டு இறக்காமல் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்பார் செவிலியர். நிர்வாகத்துக்கு ஒரு கேள்வித்தாள் இருந்தால் போதும், நிரப்பி ஃபைலில் சேர்த்துவிடலாம். எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்விக்கு விடை தேடுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா நோயாளிக்கும் பொதுவாக ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும் என்றால் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவதும், நான்கு மீட்டர் நடையும் போதும். மற்றதெல்லாம் குறிப்பிட்ட கேள்வி எழும்போது மட்டும். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும், எந்த நாளில் எந்த வேளையில் அளக்கிறோம் என்பதில் கோட்டை விட்டால் அத்தனை உழைப்பும் வீண். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கணிக்க ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் என்பதே தசையிலிருந்து வருகிற கழிவு. தசை கரைந்து போனவருக்கு அந்த எண் குறைவாகவே காட்டும். தாளில் நல்லபடியாகத் தெரிகிற ஆள் கழிப்பறையிலிருந்து எழ முடியாமல் திணறிக்கொண்டிருப்பார். நாட்பட்ட சிறுநீரக நோயில் உடல்திறன் குறைவதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி தசைப் புரதம் சிதைகிறது. ரத்தசோகை வருகிறது. உள்ளுக்குள் அழற்சி ஓயாமல் இருக்கிறது. பசி போய்ச் சாப்பாடு குறைகிறது. சர்க்கரை நோய் கூட இருந்தால் கால் நரம்புகளும் கெடுகின்றன. இதற்கு மேல், வாரம் மூன்று நாள் நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது, வீடு போய் அன்று முழுக்கச் சோர்ந்து கிடப்பது. இத்தனையும் சேர்ந்து கடைசியில் ஒரே இடத்தில்தான் வெளிப்படும்: கால்களில்.

டயாலிசிஸுக்கு வராத, சிறுநீரக நோயின் இரண்டாம் கட்டம் முதல் நான்காம் கட்டம் வரை இருந்த 385 பேரை வைத்து 2013-இல் வெளியான ஒரு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நடை வேகம் விநாடிக்கு 0.1 மீட்டர் குறையக் குறைய இறப்பு அபாயம் 26 சதவீதம் கூடியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் யார் இறக்கக்கூடும் என்பதை, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கை விடவும், வழக்கமான ரத்தப் பரிசோதனைகளை விடவும், காலின் திறன் நன்றாகச் சொன்னது. கைப்பிடி வலுவுக்கு அந்த அளவு பலன் இல்லை. என் கட்சி காலின் பக்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் கேள்வி, பிறகு சோதனை

அளப்பதற்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பிரிவில் இருக்கும் எல்லோரையும் வருடம் முழுக்கக் கண்காணித்து, சரிகிறவரைச் சரிவதற்கு முன்பே பிடிப்பது. இரண்டாவது, உடற்பயிற்சித் திட்டம் ஒன்றை ஆரம்பித்து அதனால் பலன் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவதுதான் கனமானது: மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பட்டியலில் சேர்க்கலாமா, தள்ளாத வயதில் டயாலிசிஸ் ஆரம்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது. ஒரே சோதனை மூன்றுக்கும் உதவாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். ஒருவரால் என்ன முடியும் என்பது வேறு, தன்னால் என்ன முடியும் என்று அவர் சொல்வது வேறு, அன்றாடம் உண்மையில் என்ன செய்கிறார் என்பது வேறு. முதலாவதை நாற்காலியும் நடையும் அளக்கும். இரண்டாவதைக் கேள்வித்தாள் அளக்கும். மூன்றாவதற்கு இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டும் காலடிக் கணிப்பான் வேண்டும். நன்றாக நடக்கக்கூடிய ஒருவர் வீட்டை விட்டே வெளியே வராமல் இருக்கலாம். அவருக்கு வேண்டியது வேறு வகை உதவி. காலடிக் கணக்கை வைத்து அவரைத் 'திறன் குறைந்தவர்' என்று எழுதிவிடக் கூடாது.

ஆறு நிமிட நடை: பெயர் பெரியது, இடமும் பெரிது

இதுதான் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அமெரிக்க நெஞ்சக நோய்ச் சங்கம் 2002-இல் விதிமுறைகளை எழுதி வைத்தது. முப்பது மீட்டர் நேர்ப்பாதை, இரண்டு முனையிலும் கூம்பு, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு. இடையில் நிற்கலாம், சுவரில் சாயலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. அளப்பவர் இஷ்டத்துக்கு உற்சாகப்படுத்தவும் கூடாது. ஒவ்வொரு நிமிட முடிவிலும் சொல்ல வேண்டிய வாசகம் விதிமுறையிலேயே இருக்கிறது. "இன்னும் வேகமா, வேகமா" என்று கூடவே ஓடி வருகிறவர் கையில் எண் எப்போதும் அதிகமாகவே வரும்.

இதன் பலம், அன்றாட வாழ்க்கைக்கு நெருக்கமாக இருப்பது. இதயம், நுரையீரல், ரத்தசோகை, கால் தசை, எல்லாம் ஒரே எண்ணில் வந்துவிடும். அதுவே பலவீனமும் கூட: எண் குறைந்தால் எதனால் குறைந்தது என்று அந்த எண்ணே சொல்லாது. முழங்கால் வலியா, மூச்சா, கெண்டைக்கால் பிடிப்பா என்று எதனால் நின்றார் என்பதைப் பக்கத்தில் எழுதி வைக்காவிட்டால் பாதித் தகவல் போய்விடும்.

நடைமுறைச் சிக்கல்கள் இனிமேல்தான். முப்பது மீட்டர் காலியான நடைபாதை டயாலிசிஸ் பிரிவுகளில் அபூர்வம். பத்து மீட்டரில் செய்தால் திரும்பல்கள் கூடி தூரம் குறையும். அந்த எண்ணை மற்ற இடத்து எண்களோடு ஒப்பிட முடியாது. முதல் முறையை விட இரண்டாம் முறை பழக்கத்தினாலேயே தூரம் கூடும் என்பதால் முதல் அளவீட்டுக்கு இரண்டு தடவை நடக்க வைக்க வேண்டும். பிறகு ரத்த அழுத்தம். ஓய்வில் மேல் அளவு 180-க்கும் கீழ் அளவு 100-க்கும் மேல் இருந்தால் நடக்க வைப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்கின்றன அதே விதிமுறைகள். இரண்டு நாள் நீர் சேர்ந்து டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இந்தக் கோட்டுக்குள் இருப்பார்கள் என்று பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு விலக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் நாம் அளக்க வேண்டிய அதே ஆட்கள்தான்.

இதை விட முக்கியமானது அளவீட்டுப் பிழை. டயாலிசிஸ் நோயாளிகளிடம் இரண்டு முறை அளந்து ஒப்பிட்ட 2011 ஆய்வின்படி, தனி ஒருவரின் நடைத் தூரம் சுமார் 66 மீட்டராவது மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்று 90 சதவீத உறுதியோடு சொல்லலாம். இதை 2017-இல் வெளிவந்த இத்தாலிய 'எக்ஸைட்' ஆய்வோடு வைத்துப் பாருங்கள். வீட்டிலேயே ஆறு மாதம் எளிய நடைப் பயிற்சி செய்த டயாலிசிஸ் நோயாளிகளின் சராசரி 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக ஏறியது. பயிற்சி செய்யாதவர்களிடம் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். நல்ல முடிவுதான், குழுவுக்கு அந்த 39 மீட்டர் உண்மையான முன்னேற்றம். ஆனால் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் 39 மீட்டர் கூடுதலாக நடந்தால் "பயிற்சி பலித்துவிட்டது" என்று அறிவிக்க அது போதாது. அதே அளவு குறைந்தாலும் பயப்படுவதற்கில்லை. குழுவின் சராசரிக்கும் தனி ஆளின் எண்ணுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல்தான் பல பிரிவுகளில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஆறு நிமிட நடையை உடற்பயிற்சித் திட்டத்தில் சேருபவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்கு வேலை இருக்கிறது. இருக்கிற அத்தனை பேருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று போட்டால் இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிடும்.

நாற்காலி

கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத, இருக்கை மெத்தென்று அமுங்காத ஒரு நாற்காலி. உயரம் 43 முதல் 46 சென்டிமீட்டருக்குள். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும். ஒரு ஸ்டாப்வாட்ச். செலவு இவ்வளவுதான்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து முழுதாக உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்பது ஒரு வகை. முப்பது விநாடியில் எத்தனை முறை என்பது இன்னொன்று. அறுபது விநாடியில் எத்தனை முறை என்பது மூன்றாவது. ஐந்து முறை என்பது பெரும்பாலும் தொடைத் தசையின் வலுவையும் வேகத்தையும் கேட்கிறது. அறுபது விநாடி தாக்குப்பிடிக்கும் திறனைக் கேட்கிறது. நடுவில் மூச்சு வாங்கும், துடிப்பு ஏறும். நடைபாதை இல்லாத பிரிவில் ஆறு நிமிட நடைக்குப் பதிலாக எதையாவது வைக்க வேண்டும் என்றால் நான் அறுபது விநாடியைத்தான் எடுப்பேன். முன்பு சொன்ன அதே 2011 ஆய்வில், அறுபது விநாடிச் சோதனையில் நான்கு முறை கூடினாலோ குறைந்தாலோ அது உண்மையான மாற்றம்.

ஐந்து முறை எழும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் எண்ணில் வராத பலதும் தெரியும். முதல் இரண்டு முறை நேராக எழுந்துவிடுவார். மூன்றாவதில் உடம்பை முன்னால் வீசி, அந்த வேகத்தில் எழுவார். நான்காவதில் முழங்கால்கள் ஒன்றையொன்று உரசும். ஐந்தாவதில் கட்டியிருந்த கை தன்னாலே பிரிந்து தொடையில் ஊன்றும். விநாடிக் கணக்கில் இவர் 14, வேறொருவரும் 14. ஆனால் இவருடைய கை பிரிந்தது. விதிப்படி அது செல்லாத முயற்சி, அப்படித்தான் எழுத வேண்டும். இரக்கப்பட்டு 14 என்று போட்டுவிட்டால் அடுத்த முறை கையைப் பிரிக்காமல் 16 விநாடி எடுத்து உண்மையில் முன்னேறி வந்தவரை, பின்னடைந்தவர் என்று நாமே எழுத வேண்டிவரும்.

வரம்பு எது என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. தசை இழப்பு பற்றிய ஐரோப்பியக் குழுவின் 2019 அறிக்கை 15 விநாடிக்கு மேல் போனால் வலு குறைவு என்கிறது. அதே ஆண்டு ஆசியக் குழு 12 விநாடியை எட்டினாலே குறைவு என்றது. 13 விநாடி எடுப்பவர் ஒரு கணக்கில் தப்புவார், இன்னொன்றில் மாட்டுவார். எதை எடுக்கிறீர்கள் என்பதை விட, எடுத்ததை மாற்றாமல் இருப்பது முக்கியம். டயாலிசிஸ் நோயாளிகளில் பலர் இரண்டு கோட்டையும் தாண்டித்தான் இருப்பார்கள். எக்ஸைட் ஆய்வில் பயிற்சிக் குழுவின் ஆரம்பச் சராசரியே 20.5 விநாடி.

நாற்காலியின் குறை இன்னொன்று. முழங்கால் மூட்டு தேய்ந்தவருக்கு இது சிறுநீரகத்தை அல்ல, முழங்காலைத்தான் அளக்கும். ஒரு முறை கூட எழ முடியாதவர்களிடம் எண்ணே கிடையாது. அவர்களை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி.

நான்கு மீட்டர் நடையும், பன்னிரண்டு மதிப்பெண்ணும்

தரையில் இரண்டு கோடு. வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்ல வேண்டும், வேகமாக அல்ல. நான்கு மீட்டரை ஐந்து விநாடியில் கடந்தால் விநாடிக்கு 0.8 மீட்டர், அதற்கு மேல் போகாத நடையை மெதுவான நடை என்று ஐரோப்பியக் குழு வகைப்படுத்துகிறது. ஆசியக் குழு ஆறு மீட்டரை அளக்கச் சொல்லி, 1.0-க்குக் கீழே என்று கோட்டை உயர்த்தி வைத்திருக்கிறது.

எளிமையாகத் தெரிவதால் இதில் அலட்சியம் அதிகம். ஐந்து விநாடிக்கும் 5.7 விநாடிக்கும் உள்ள வித்தியாசம்தான் 0.8-க்கும் 0.7-க்கும் உள்ள வித்தியாசம். மேலே சொன்ன 26 சதவீத அபாயக் கணக்கு அந்த 0.7 விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. பொத்தானை அழுத்தும் விரல் கால் விநாடி தாமதித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எனவே இரண்டு முறை நடக்க வைத்து வேகமானதை எடுப்பது, கோட்டைத் தாண்டியும் இரண்டடி நடக்கச் சொல்வது (இல்லாவிட்டால் கோடு வரும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்), நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறாரா நடந்துகொண்டே கோட்டுக்குள் நுழைகிறாரா என்பதை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது, இவை கட்டாயம். கைத்தடியோடு நடந்தால் கைத்தடியோடு என்று எழுத வேண்டும்.

நடையையும் ஐந்து முறை எழுவதையும் மூன்று வகை சமநிலை நிற்றலோடு சேர்த்தால் 'எஸ்.பி.பி.பி' என்ற தொகுப்பு வரும். முதியோருக்காக 1994-இல் வெளிவந்தது. ஒவ்வொன்றுக்கும் 4, மொத்தம் 12. பத்து நிமிடத்துக்குள் முடியும். ஐரோப்பியக் கணக்கில் 8 அல்லது அதற்குக் கீழ், ஆசியக் கணக்கில் 9 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவலைப்பட வேண்டும். எனக்கு இந்தத் தொகுப்பு பிடிக்கும், ஆனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதிவைப்பது பிடிக்காது. நான்கு மீட்டருக்கு ஆறு விநாடி எடுத்தவர் ஐந்து விநாடிக்கு வந்தால் அது பெரிய முன்னேற்றம், 0.67-இலிருந்து 0.8. ஆனால் 4.82 முதல் 6.20 விநாடி வரை எல்லோருக்கும் 3 மதிப்பெண்தான். தாளில் அவர் நகரவே இல்லை. விநாடிகளை எழுதுங்கள், மதிப்பெண்ணைப் பக்கத்தில் போடுங்கள். நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் நாற்பது வயதுக்காரர் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வாங்கிவிட்டுப் போவார் என்பதும் நினைவில் இருக்கட்டும். அவருக்கு இது பொருந்தாது. அறுபது விநாடி நாற்காலிதான் அவரைக் கொஞ்சமாவது சோதிக்கும்.

எழுந்து மூன்று மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரும் சோதனையும் இருக்கிறது. மோசமில்லை. ஆனால் நாற்காலியும் நடையும் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கும்போது இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்துத் தருவதால் புதிதாக என்ன தெரியும் என்பது எனக்குப் பிடிபட்டதில்லை. திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று பார்க்க, விழும் அபாயம் உள்ளவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கைப்பிடி வலு

கட்டிலை விட்டு இறங்காமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான். டைனமோமீட்டர் என்ற கருவியை முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். மூன்று முறை, அதில் பெரியது. ஐரோப்பிய வரம்பு ஆண்களுக்கு 27 கிலோ, பெண்களுக்கு 16. ஆசிய வரம்பு 28, 18. தனி ஆளுக்கு 3.4 கிலோ மாறினால் உண்மையான மாற்றம் என்கிறது 2011 ஆய்வு.

சிறுநீரக நோயாளியின் கையில் மட்டும் வரும் சிக்கல்கள் சில உண்டு. முதலாவது ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவையில் இணைத்து வைக்கும் இடம். அது பெரும்பாலும் அதிகம் பயன்படுத்தாத கையில் போடப்படும். பொதுவாக ஃபிஸ்டுலா இல்லாத கையில் அளப்பதே வழக்கம். எந்தக் கை என்று எழுதாவிட்டால் அடுத்தவர் மறு கையில் அளந்துவிடுவார். ஃபிஸ்டுலா ரத்தத்தை இழுத்துக்கொள்வதால் சிலருக்கு அந்தக் கை விரல்கள் சில்லிட்டு மரத்திருக்கும். பல வருடம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரு வகைப் புரதம் மணிக்கட்டில் படிந்து நரம்பை அழுத்தும். அவர்கள் அழுத்தும்போது வலுவைப் பார்க்கிறோமா வலியைப் பார்க்கிறோமா என்று தெரியாது. உட்கார்ந்து முழங்கையை மடக்கி அழுத்துவதும், படுத்துக்கொண்டு அழுத்துவதும் ஒரே எண் தராது.

ஊட்டச்சத்து நிலையைப் பார்ப்பதற்கு இது நல்ல கருவி. 2020-இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டுதலும், முந்தைய அளவு கையில் இருந்தால் புரத நிலையைக் கணிக்க இதைப் பயன்படுத்தலாம் என்கிறது. உணவியல் நிபுணர் கேட்டது நியாயம்தான். ஆனால் டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி சைக்கிள் மிதிக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட்டு, அதன் பலனைக் கைப்பிடியில் தேடுவதில் அர்த்தம் இல்லை. பழகியது கால், கை அப்படியேதான் இருக்கும்.

கேட்டு எழுதுவது

"மாடி ஏற முடியுதாம்மா?" என்று கேட்டால் "ஏறிடுவேன்" என்பார். பின்னாலேயே மகள், "கடைசியா எப்பம்மா ஏறுன?" என்பாள். கேள்வித்தாளின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் அதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் நோயாளிக்கு எது முக்கியம் என்பது விநாடியில் வராது. உலகளவில் நோயாளிகளையும் மருத்துவர்களையும் சேர்த்து, ஆய்வுகளில் எதைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்று கேட்ட 'சாங்' முயற்சியில், ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸுக்கு முதலிடத்தில் வந்த நான்கில் ஒன்று சோர்வு. சோர்வை ஸ்டாப்வாட்ச் அளக்காது.

எந்தத் தாள் என்பதில் ஒரு எச்சரிக்கை. டயாலிசிஸ் பிரிவுகளில் அதிகம் புழங்கும் 'கே.டி.க்யூ.ஓ.எல்-36'-இல் உடல் இயக்கம் பற்றி நேரடியாக இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன. வாழ்க்கைத் தரத்துக்கு அது சரி. உடல்திறனை மட்டும் தெரிந்துகொள்ள அது மழுங்கிய கத்தி. 'எஸ்.எஃப்-36' தாளின் உடல் இயக்கப் பகுதியில் பத்து கேள்விகள், குளித்து உடுத்துவதிலிருந்து கடினமான வேலை வரைக்கும். அந்தப் பத்தை மட்டும் தனியாகக் கேட்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டினால் வாசிப்பவர் வீட்டுக்காரராக இல்லாமல் இருப்பது நல்லது.

மூச்சு வாயுவை அளந்தபடி சைக்கிள் மிதிக்க வைக்கும் முழுமையான உடற்திறன் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதயம், நுரையீரல், தசை மூன்றில் எது தடுக்கிறது என்று பிரித்துச் சொல்வது அது ஒன்றுதான். ஆனால் கருவி வேண்டும், மருத்துவர் கூட நிற்க வேண்டும், அதைவிட, பல நோயாளிகளுக்கு இதயம் அதன் எல்லையைத் தொடும் முன்பே கால் கைவிட்டுவிடும். மாற்று அறுவைக்கு முன் இதயம் தாங்குமா என்ற கேள்வி வரும்போது அனுப்புங்கள். வழக்கமான கண்காணிப்புக்கு வேண்டாம்.

எப்போது அளப்பது

சோதனையைத் தேர்ந்தெடுப்பதில் மணிக்கணக்காகப் பேசிவிட்டு, அளக்கும் நேரத்தைச் செவிலியரின் வசதிக்கு விட்டுவிடுவார்கள். டயாலிசிஸ் முடிந்த கையோடு அளந்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றும், ஊசி எடுத்துக் கட்டுப் போட்ட கையை மார்பில் மடக்கி இறுக்கவும் முடியாது. அது பாதுகாப்பும் இல்லை, நியாயமான எண்ணும் இல்லை. வாரத்தின் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் நாளில் அளந்தால் நீர் அதிகம் சேர்ந்திருக்கும். மூன்று கிலோ நீரையும் தூக்கிக்கொண்டுதான் அவர் நாற்காலியிலிருந்து எழுகிறார். டயாலிசிஸ் இல்லாத நாளில் அளப்பதே உத்தமம், ஆனால் அதற்காக ஒருவரை இன்னொரு நாள் வரச் சொல்வது யாருக்கும் கட்டுப்படியாகாது. நடுவழி: வாரத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது டயாலிசிஸ் நாள், ஊசி போடுவதற்கு முன், எடை பார்த்த உடனே. எத்தனை கிலோ நீர் சேர்ந்திருந்தது என்பதையும் அதே வரியில் எழுதினால் பிற்பாடு எண் ஏன் தாவியது என்று விளங்கும்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு நாள் பிரச்சினை இல்லை. வயிற்றில் திரவம் இருக்கும்போதா வடித்த பிறகா என்பதுதான் கேள்வி. எதுவானாலும் சரி, ஒவ்வொரு முறையும் அதே நிலையில். டயாலிசிஸுக்கு வராதவர்களுக்கு மருத்துவரைப் பார்க்க வருகிற நாளே போதும், காத்திருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம்.

எவ்வளவுக்கு ஒரு முறை? டயாலிசிஸ் நோயாளிகளின் உடல் இயக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மதிப்பிட வேண்டும் என்று 2005-லேயே அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. அதுவும், ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பிய ஒவ்வொரு முறையும். ஒரு வாரம் படுக்கையில் கிடந்தால் பல மாதம் சேர்த்த வலு போய்விடும். அந்த அளவீட்டைத் தவற விடுவதுதான் பெரிய இழப்பு.

கடைசியாக எடுக்க வேண்டிய முடிவுகள்

எல்லோரையும் கண்காணிக்க: ஐந்து முறை நாற்காலி, நான்கு மீட்டர் நடை, ஆள் இருந்தால் சமநிலையும் சேர்த்து. பயிற்சித் திட்டத்துக்கு: இடம் இருந்தால் ஆறு நிமிட நடை, இல்லாவிட்டால் அறுபது விநாடி நாற்காலி, கூடவே அந்தப் பத்துக் கேள்வி. தட்டில் சாப்பாடு குறைகிறவருக்கும் எடை இறங்குகிறவருக்கும் கைப்பிடி.

தள்ளாத வயதில் டயாலிசிஸ் ஆரம்பிப்பதா என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் போதாது. அங்கே கேட்க வேண்டியது, தானாகச் சாப்பிடுகிறாரா, கட்டிலில் புரண்டு படுக்கிறாரா, கழிப்பறை போகிறாரா, உடை மாற்றிக்கொள்கிறாரா என்ற அன்றாடச் செயல்களைத்தான். அமெரிக்க முதியோர் இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் ஆரம்பித்த 3,702 பேரைப் பற்றிய 2009 ஆய்வு இந்த அளவுகோலைத்தான் பயன்படுத்தியது. ஒரு வருட முடிவில் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஆரம்பித்தபோது இருந்த திறனைத் தக்கவைத்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும்போது கையில் இருக்க வேண்டிய எண்கள் இவை. டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க முடியாது என்று மறைக்காமல் சொல்வதற்காக.

மிச்சம் இருப்பது ஒரு விஷயம். சோதனையைச் செய்யாதவர்களின் வரியைப் பலரும் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அன்று ரத்த அழுத்தம் கூடியிருந்ததால் விட்டதும், ஆள் வேண்டாம் என்றதும், எழவே முடியாமல் போனதும் ஒரே வெற்றிடமாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து சராசரி எடுத்தால், எழ முடியாதவர்கள் கணக்கில் இல்லாததால், பிரிவே முன்னேறியது போல் எண் வரும். அதனால் தாளில் மூன்று தனிக் கட்டம் போட்டுவிடுங்கள்: 'உடல்நிலை காரணமாகத் தள்ளிவைத்தது', 'நோயாளி மறுத்தது', 'முயன்றும் முடியவில்லை'. மூன்றாவதில் குறி விழுந்தால் அது விடுபட்ட அளவீடு அல்ல, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முடிவு.